பெரியவருக்கு ஒரு கண்ணாடி அறை

அத்தியாயம் 11

"இன்னும் ரெண்டு இஞ்ச் இறக்குங்க," என்றாள் இஞ்சி.

புது அலுவலகத்தில் கணக்கர் தன் நாற்காலியின் பக்கத்திலிருந்த பிடியை அழுத்தினார். நாற்காலி புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு அவரைக் கீழே இறக்கியது. இஞ்சி குனிந்து, அவருடைய பாதம் தரையில் படிகிறதா என்று பார்த்தாள். முழங்கை மேசை மட்டத்துக்கு வருகிறதா என்று பார்த்தாள். கணினித் திரையை ஒரு புத்தகத்தின் தடிமன் அளவுக்கு உயர்த்தினாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"ஒண்ணுமே தெரியலம்மா."

"அதுதான் வேணும். நாற்காலி நல்லா இருந்தா, உக்காந்திருக்கோம்கறதே ஞாபகம் வரக் கூடாது."

"அப்படியே தூக்கம் வந்துட்டா?"

"அதுக்குத்தான் பிரிண்டரை அந்தக் கோடியில வெச்சிருக்கேன். ஒவ்வொரு தாளுக்கும் எழுந்து நடந்தாகணும்."

கணக்கர் பிரிண்டர் இருந்த திசையைப் பார்த்தார். பக்கத்து ஊர் வரைக்கும் நடக்கச் சொன்னது போலிருந்தது அவர் முகம். கூடமே சிரித்தது. சிரிக்காமல் இருந்தவள் பெரியவரின் மருமகள் ஒருத்திதான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. 

இஞ்சி அவளுக்கு நாத்தனார். கணவனின் தங்கை. சின்ன வயதில் அலமாரியை நகர்த்தினாலும் கட்டிலை நகர்த்தினாலும் "இன்னும் ரெண்டு இஞ்ச்" என்று நின்று அதிகாரம் செய்வாளாம். அண்ணன்காரன் இஞ்சி என்று கூப்பிட ஆரம்பித்தான். பேச்சில் காரமும் சேர்ந்திருந்ததால் பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அவளுக்கு அதுவே தொழில். அலுவலகங்களை வடிவமைக்கிறாள். எந்த மேசை எங்கே வர வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், பேச்சுச் சத்தம் எதில் பட்டு அடங்க வேண்டும் என்று தீர்மானிப்பவள். மனிதர்கள் உட்காரும் விதத்தை வைத்தே யாருக்கு இடுப்பு வலி, யாருக்கு வேலையில் சலிப்பு என்று சொல்லிவிடுவாள்.

அந்தக் கண்களைக் கண்டுதான் மருமகளுக்குப் பயம்.

அவளுடைய மாமனாரான பெரியவர் தொடங்கிய நிறுவனம் அது. கட்டடங்களின் தூணும், தூண்களுக்கு மேல் குறுக்கே போகும் பீமும் எவ்வளவு கனம் தாங்கும் என்று கணக்குப் போட்டு, வரைபடத்தைச் சரிபார்த்து, கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள். கையெழுத்திடும் உரிமம் பெரியவர் ஒருவருக்குத்தான். மகன் நிர்வாகம் பார்க்கிறான். மருமகள் பொறியியல் படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில், "வீட்டுல சும்மா இருந்தா துருப்பிடிச்சுடுவே, வாம்மா," என்று தன் நீளமான மேசையின் மறுபாதியை அவளுக்குக் கொடுத்தவர் மாமனார்தான். பழைய அலுவலகத்தில் அந்த ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

போன வருடம் ஒரு நாள் அவள் தவறிப்போய் வேறொரு கட்டடத்தின் தாளை அவர் முன்னால் விரித்துவிட்டாள். அவர் நிதானமாக மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிவிட்டு, "சரியா இருக்கு," என்றார்.

அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கண் மருத்துவர் சொன்னது எளிமையான விஷயம். ஓரங்கள் தெரியும். நேர் நடுவில் மட்டும் விரல் வைத்துத் தேய்த்து அழித்த மாதிரி ஒரு மங்கல். கண்ணாடி மாற்றினாலும் போகாது. வாசலில் ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது பெரியவர் அவளைப் பார்க்காமலே சொன்னார்: "உன் புருஷனுக்குத் தெரிய வேண்டாம்மா. எனக்கே நான் இன்னும் சொல்லிக்கல."

அதிலிருந்து வரைபடங்களை அவள் பார்த்தாள். அடிக்குரலில் ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னாள். அவர் மனக்கணக்கில் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து மேசைக்காரர்களுக்கு மாமனாரும் மருமகளும் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொள்வதாகத்தான் தெரிந்தது.

இப்போது புது அலுவலகத்தில் அந்த நீளமான மேசை இல்லை. பெரியவருக்குத் தனியாக ஒரு கண்ணாடி அறை. மருமகளுக்குக் கூடத்தின் இன்னொரு கோடியில், ஜன்னலோரம், பச்சைச் செடியோடு ஒரு மேசை. பார்ப்பவர்கள் பொறாமைப்படும் இடம். அதற்கும் கண்ணாடி அறைக்கும் நடுவே கூடம் முழுவதும் கிடந்தது.

காலையில் வந்ததும் கணவனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"என் மேசையை மாமா ரூமுக்குப் பக்கத்துல போட முடியாதா?"

அவன் கையில் புதுச் சாவிக்கொத்து இருந்தது. அதைச் சுழற்றிக்கொண்டே சிரித்தான். "எதுக்கு? இத்தனை வருஷமா ஒரு மேசையில பாதியைப் பிடிச்சுக்கிட்டு நெருக்கியடிச்சு உக்காந்தாரு. தனி ரூம் வேணும்னு அப்பா வாய் விட்டுக் கேக்க மாட்டாரு. நாமதான் பாத்துச் செய்யணும்."

"இல்லைங்க, வரைபடம் பாக்கும்போது ஏதாவது கேப்பாரு..."

"கேட்டா போன்ல கூப்பிடுவாரு. நீயும் இனிமே அவருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்காதே. பில்டருங்ககிட்ட நேரா நீயே பேசிப் பழகு." குரலைத் தாழ்த்தினான். "ஆபீஸ்ல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. பெரியவரு எது செஞ்சாலும் மருமககிட்ட கேட்டுட்டுத்தான் செய்யறாருன்னு. அந்தப் பேச்சு உனக்கு வேணாம்."

அன்போடுதான் சொன்னான். அவள் தன் ஜன்னலோர மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

இப்போது கண்ணாடி அறையில் இஞ்சி அப்பாவை உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. மருமகள் தன் மேசையை விட்டு எழுந்து, ஏதோ கோப்பு தேடுகிறவள் போல அலமாரிப் பக்கம் வந்து நின்றாள்.

"சாஞ்சு உக்காருங்கப்பா. முதுகு முழுசா படணும்."

"பட்டுடுச்சு."

"ஜன்னலை உங்களுக்கு இடது பக்கம் வர்ற மாதிரி வெச்சிருக்கேன். திரையில கூசாது. இந்த விளக்கு உங்களுக்கு மட்டும். இதைத் திருகினா வெளிச்சம் கூடும், குறையும்."

பெரியவர் விளக்கின் குமிழைத் திருகினார். வெளிச்சம் கூடியது. இன்னும் திருகினார். இன்னும். வெள்ளை மேசை கண்ணைப் பறித்தது. இஞ்சி கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அப்பா, இது ஆபரேஷன் தியேட்டர் இல்ல."

"வயசாச்சுல்ல. கொஞ்சம் கூடுதலா இருக்கட்டும்."

"சரி. இப்ப திரையைப் பாருங்க. இந்த வரியைப் படிங்க. எழுத்து அளவு போதுமான்னு பாக்கணும்."

பெரியவர் படிக்கவில்லை. தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, திரையைக் கடைக்கண்ணால் பார்ப்பது போல இருந்தார். அலமாரிக்குப் பக்கத்தில் மருமகளின் கை அப்படியே நின்றுவிட்டது.

"படிங்கப்பா."

"என்ன, என்னை ஒண்ணாம் கிளாஸ்ல சேக்கறியா? நல்லாத்தான் இருக்கு. போ, மத்தவங்க நாற்காலியைப் பாரு."

"எல்லாருக்கும் பாத்தாச்சு. நீங்கதான் பாக்கி."

"போன்னு சொன்னேன்."

மகளிடம் அவர் அப்படிக் குரலை உயர்த்துவது வழக்கமில்லை. இஞ்சி வெளியே வந்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். அலமாரியருகே நின்ற அண்ணியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் வாங்க அண்ணி," என்றாள்.

தேநீர் போடுவதற்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. இஞ்சி ஒரு பெட்டியின் மேல் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு அங்க வந்து நின்னீங்க?"

"கோப்பு தேடினேன்."

"அந்த அலமாரியில இன்னும் கோப்பே வைக்கல. காலி அலமாரி அது."

மருமகள் ஒரு பெட்டியின் ஓரத்தை நகத்தால் கீறினாள்.

"உண்மையைச் சொல்றேன் அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நானும் ரொம்ப நாளாப் பாக்கறேன். அப்பா பழைய மாதிரி இல்ல. எதுக்கெடுத்தாலும் உங்க முகத்தைப் பாக்கறாரு. சாப்பிடற இடத்துல உங்க பக்கத்துலதான் உக்காரறாரு. நான் ஒரு டிசைன் காட்டினா, 'மருமககிட்ட குடு'ங்கறாரு. அவரைக் கையில போட்டுக்கிட்டு ஆபீஸையே நீங்க நடத்தப் போறீங்கன்னு நெனச்சேன். இந்தக் கண்ணாடி ரூம் ஐடியா அண்ணனோடதுன்னு எல்லாருக்கும் தெரியும். உங்க மேசையை அந்தக் கோடியில போட்டது நான். வேணும்னேதான் போட்டேன்."

மருமகளுக்குக் கோபம் வரவில்லை. ஏதோ ஒரு முடிச்சு அவிழ்வதற்கு முன்னால் இன்னும் ஒரு முறை இறுகுவது போலிருந்தது.

"இப்ப?" என்றாள்.

"இப்ப..." இஞ்சியின் குரல் தேய்ந்தது. "அவரு என் முகத்தை நேரா பாக்கல அண்ணி. என் காதுக்குப் பக்கத்துல பாத்துப் பேசினாரு. திரையையும் அப்படித்தான். அந்த வெளிச்சம்... அவ்வளவு வெளிச்சத்துல யாரும் உக்கார முடியாது." அவள் கட்டியிருந்த கைகள் தளர்ந்தன. "அப்பாவுக்குக் கண்ணு தெரியலயா?"

இத்தனை நாள் பூசி மெழுகி வைத்ததை இனி எதைக்கொண்டு மூடுவது என்று மருமகளுக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.  

"ஓரம் தெரியும். நடு தெரியாது. படிக்க முடியாது."

"அப்ப அந்த வரைபடமெல்லாம்?"

"நான் பாக்கறேன். அவரு கையெழுத்துப் போடறாரு."

இஞ்சி அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அது நசுங்கியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சாதாரணமாச் சொல்றீங்க. கட்டடம் அண்ணி. உள்ளே ஆளுங்க இருப்பாங்க."

"ஒரு எண் விடாம நான் பாத்திருக்கேன். ரெண்டு தடவை பாத்திருக்கேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மாமா சொல்ல வேண்டாம்னுட்டாரு."  இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் சொன்னதும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. "அவருக்காக மட்டும் மறைக்கல. அந்த வேலை எனக்குப் பிடிச்சிருந்துது. வெளிய தெரிஞ்சா எல்லாம் போயிடும்னு பயம்."

இஞ்சி அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. கோபம் மட்டும் இல்லை.

"மத்தியானம் பில்டர் வர்றாரே."

"அவரோட தாளெல்லாம் நேத்தே பாத்து முடிச்சுட்டேன். மாமா கையெழுத்து மட்டும் போடணும்."

"அப்ப அது முடியட்டும். சாயங்காலம் வீட்டுல அண்ணன்கிட்ட சொல்லிடுவோம். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"நானே சொல்றேன்," என்றாள் மருமகள்.

ஆனால் சாயங்காலம் வரை பொறுக்கும் நாளாக அது இல்லை.

பில்டர் உற்சாகமான மனிதர். வந்ததும் வராததுமாக ஒவ்வொரு மேசையாகத் தட்டிப் பார்த்தார். காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார். "இங்க எனக்கும் ஒரு சீட் போடும்மா," என்று இஞ்சியிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார். பின்னாலேயே கணவனும் போனான். கதவு சாத்திக்கொண்டது. பேச்சு சட்டென்று அறுந்தது.

இஞ்சியின் வேலை அது. உள்ளே இருப்பவர்களை வெளியே இருப்பவர்கள் பார்க்கலாம், கேட்க முடியாது. தடித்த இரட்டைக் கண்ணாடி. கதவின் விளிம்பில் ரப்பர். "கூடத்துல இருக்கறவங்க வேலை கெடக் கூடாது, உள்ள இருக்கறவங்க ரகசியமும் கெடக் கூடாது," என்று திட்டம் போட்டபோது சொல்லியிருந்தாள்.

மருமகள் தன் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, ஊமைப் படம் பார்ப்பது போல அந்த அறையைப் பார்த்தாள்.

கோப்பைத் திறந்தார்கள். அவள் அடுக்கி வைத்த தாள்கள் அதே வரிசையில் இருந்தன. முதல் தாள். பெரியவர் ஓரத்தைத் தடவிக் கீழ் மூலையைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. அவர் கை பழக்கத்தில் சரியாகவே போனது. அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

அப்போது பில்டர் தன் பையிலிருந்து சுருட்டிய தாள் ஒன்றை எடுத்தார். ரப்பர் பேண்டைக் கழற்றினார். மேசையில் விரித்தார்.

அது அவள் பார்த்த தாள் இல்லை.

பில்டர் தாளில் ஓர் இடத்தைத் தட்டினார். இரண்டு விரல்களால் எதையோ தள்ளி வைப்பது போலக் காட்டினார். பிறகு கார் ஸ்டியரிங்கைத் திருப்புவது போலக் கையைச் சுழற்றினார். ஒரு தூணை நகர்த்தியிருக்கிறார்கள், கார் திரும்ப இடம் வேண்டுமென்று. அவளுக்குக் கேட்காமலேயே விளங்கிவிட்டது. தூணை நகர்த்தினால் மேலே பீமின் நீளம் மாறும். நீளம் மாறினால் எல்லாமே மாறும்.

கணவன் தலையாட்டினான். பெரியவரும் தலையாட்டினார். பேனா தாளின் மூலையைத் தேடியது.

அவள் எழுந்ததை அவளே உணரவில்லை. கூடத்தைக் கடந்தபோது கணக்கர் நிமிர்ந்து பார்த்தார். வரைவாளர்கள் கையை நிறுத்தினார்கள். பிரிண்டர் பக்கத்தில் நின்ற இஞ்சி, "அண்ணி," என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றாள்.

கதவைத் திறந்தாள்.

"மீட்டிங் நடக்குது," என்றான் கணவன்.

"அந்தத் தாள்ல போடாதீங்க மாமா. அதை நான் பாக்கல."

பேனா நின்றது. பில்டர் சிரித்தபடி அவளையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, மாமனாரே பாக்கும்போது நீங்க வேற பாக்கணுமா?"

கணவனுக்கு முகம் சிவந்தது. "நீ எதுக்குப் பாக்கணும்? வெளிய போ. அப்புறம் பேசிக்கலாம்."

அவள் போகவில்லை. கதவின் பிடியை விடாமல் நின்றாள். காலையில் கணவன் எந்தப் பேச்சு வேண்டாம் என்றானோ அந்தப் பேச்சுக்கு இதைவிடப் பெரிய தீனி வேறு கிடைக்காது என்று அவளுக்கும் தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே கூடம் முழுக்க இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியவர் பேனாவை மூடி வைத்தார். மூடியைப் பொருத்த அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"அவ சொல்றது சரி," என்றார். "எனக்கு அந்தத் தூண் தெரியல."

"எது சார் தெரியல? இங்க இருக்குதே," என்று பில்டர் தாளைத் தட்டினார்.

"எனக்குத் தெரியலப்பா."

பில்டர் அதை ஒரு நிபுணரின் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டார். மகன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவன் அப்பாவின் கையைப் பார்த்தான். தூணைக் காட்டுவதாக நினைத்து அந்த விரல் தாளின் வெற்றிடத்தில் நின்றுகொண்டிருந்தது.

பில்டரைச் சமாதானமாகப் பேசி அனுப்பி வைத்தது இஞ்சிதான். புது நாற்காலியைப் பற்றிப் பேசிக்கொண்டே லிஃப்ட் வரைக்கும் கூட்டிப் போனாள். திரும்பி வந்து கண்ணாடி அறையின் கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டாள்.

உள்ளே யாரும் உட்காரவில்லை. பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"எப்ப இருந்து?" என்றான் மகன். யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.

"போன வருஷத்துல இருந்து," என்றாள் மனைவி.

"ஒரே வீட்டுல இருக்கோம். ஒரே கார்ல வர்றோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல உனக்கு."

"தோணிச்சு. தினமும் தோணிச்சு."

"அவளைக் கேக்காதே," என்றார் பெரியவர். "வாயைக் கட்டினது நான்."

"நீங்க கட்டினா இவ கட்டிக்கிட்டு இருப்பாளா? ஒரு வருஷமா என்னை முட்டாளாக்கிட்டு ரெண்டு பேரும் குசுகுசுன்னு... ஆபீஸே என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கு. நான் என்னடான்னா உங்களைக் கௌரவப்படுத்தறதா நெனச்சு, கண்ணாடியில ரூம் கட்டி வெச்சிருக்கேன்." குரல் உடைந்தது. சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சுவரும் கண்ணாடி. அந்தப் பக்கம் கணக்கர் அவசரமாகக் குனிந்து மேசைக்கடியில் எதையோ தேடினார்.

"மெதுவா அண்ணா," என்றாள் இஞ்சி. "சத்தம் வெளிய போகாது. முகம் போகும்."

அவன் மூச்சை இழுத்துவிட்டான். மறுபடி திரும்பியபோது கோபம் கொஞ்சம் வடிந்து, நிர்வாகம் பார்க்கிறவனின் பயம் அந்த இடத்துக்கு வந்திருந்தது.

"நீ பாத்ததெல்லாம் சரியா இருக்கும். அதை நம்பறேன். நீ பாக்க ஆரம்பிச்சது எப்ப?"

"ஒரு நாள் தப்பான தாளை விரிச்சேன், மாமா சரியா இருக்குன்னுட்டாரு. அதுக்கு மறுநாள்ல இருந்து."

"கண்ணு கெட்டது அன்னைக்கே இல்லையே. அதுக்கு முன்னாடியே மங்க ஆரம்பிச்சிருக்கும்ல? அந்த இடைவெளியில நீங்க தனியாப் பாத்துக் கையெழுத்துப் போட்டது ஏதாவது இருக்காப்பா?"

மருமகள் சட்டென்று மாமனாரைப் பார்த்தாள். ஒரு வருடமாக இந்தக் கேள்வி அவள் புத்திக்கு எட்டவே இல்லை. தன் கைக்கு வந்த தாளையெல்லாம் காத்துக்கொண்டு, கைக்கு வருவதற்கு முன் போன தாளை யோசிக்காமலே இருந்திருக்கிறாள்.

பெரியவர் மூடிய பேனாவைத் தடவி எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஒண்ணு இருக்கு," என்றார். "பள்ளிக்கூடத்து மாடி. அப்பவே கொஞ்சம் மங்கலாத்தான் இருந்துது. சின்ன வேலைதானேன்னு போட்டேன். நாலு வகுப்பறை, அவ்வளவுதான். பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல."

"எந்தப் பள்ளிக்கூடம்?" என்றாள் இஞ்சி.

"ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல, நீலச் சுவரு போட்டதுதான்."

இஞ்சியின் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, அங்க மாடியில வகுப்பறை இல்ல. அது நூலகம். ஒரே நீளமான அறை. போன மாசம் அலமாரி எங்கெங்க வரணும்னு நான்தான் அளந்து குடுத்தேன். உங்ககிட்ட சொன்னேனே, ஒரு பள்ளிக்கூட வேலை வந்திருக்குன்னு."

"நூலகமா?"

"நடுவுல ரெண்டு வரிசை, ஆள் உயரத்துக்கு. பிள்ளைங்க உக்காந்து படிக்கற இடம் ஜன்னலோரம்."

மருமகள் அதற்குள் மேசையிலிருந்த கணினியில் அந்தப் பழைய வரைபடத்தைத் தேடித் திறந்திருந்தாள். மாமனாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தாள். நாலு வகுப்பறையை ஒன்றாக்கி, அறையின் பெயர் திருத்தப்பட்டிருந்தது. நூலகம். கடுகளவு எழுத்தில். கீழே பீமின் அளவு எதுவும் மாறவில்லை. வரைந்தவர்கள் பெயரை மாற்றியிருக்கிறார்கள், பாரத்தை மாற்றவில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் சரிபார்க்கிறவரின் வேலை. அதற்குக் கீழே பெரியவரின் கையெழுத்து, அழகாக, கோணாமல்.

"சொல்லும்மா," என்றார் பெரியவர்.

"பீம் வகுப்பறைக்குப் போட்ட கணக்குலதான் இருக்கு மாமா."

"புத்தகத்தோட கனத்துக்குப் போதாது."

"விழுந்துடும்னு சொல்ல மாட்டேன். தாங்கும்னும் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பாக்கணும்."

"அதுக்கு நேரம் இருக்கா?" என்ற மகன் ஏற்கெனவே தொலைபேசியில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான். தலைமையாசிரியையின் எண் இஞ்சியிடம்தான் இருந்தது. அவளே போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்கள்.

"வணக்கம் மேடம்," என்றான் மகன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவன் பட்ட பாடு அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. "மாடி நூலகத்துல அலமாரியெல்லாம் ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு சார். புத்தகமும் அடுக்கியாச்சு. ரொம்ப நல்லா வந்திருக்கு, உங்க தங்கச்சிகிட்ட சொல்லணும்னு இருந்தேன். இன்னைக்குத்தான் பிள்ளைங்களை முதல் தடவையா மேல விட்டிருக்கோம். சத்தம் கேக்குதா?"

கேட்டது. நாற்காலிகள் இழுபடும் சத்தம். நிறையக் குரல்கள். யாரோ யாரையோ "ஷ்ஷ்" என்று அடக்கும் சத்தம்.

மகன் வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான். என்ன சொன்னால் அந்த அம்மாள் பதறாமல் செய்வார், என்ன சொன்னால் நாளைக்கு இந்த நிறுவனம் இருக்கும் என்று அவனுக்குள் ஓடியது அவன் முகத்தில் எழுதியிருந்தது.

பெரியவர் கையை நீட்டினார். தொலைபேசியைத் தொடாமல் அதற்குப் பக்கத்தில் மேசையைத் தொட்டார். மருமகள் அதை அவர் கைக்கருகே நகர்த்தி வைத்தாள்.

"டீச்சர், நான் இன்ஜினியர் பேசறேன். அந்த மாடிக்குக் கையெழுத்துப் போட்டவன். நான் சொல்றதைக் கேளுங்க. பதற வேண்டாம். பிள்ளைங்களை உடனே கீழே இறக்குங்க. நடுவுல நடக்க வேண்டாம். சுவரோரமா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வரட்டும். ஓட விடாதீங்க. குதிக்க விடாதீங்க."

"ஏன் சார்? என்ன ஆச்சு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூடம் முழுவதும் எழுந்து நின்றிருந்தது. பெரியவருக்கு அது தெரிந்ததோ இல்லையோ, அவர் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் கண்ணு தெரியல டீச்சர். பாக்காம போட்டுட்டேன்."

 தொலைபேசியை எங்கோ வைத்துவிட்டு ஓடும் காலடி கேட்டது. பிறகு அதட்டலான ஒரு குரல். பேச்சுச் சத்தம் ஒரேயடியாக நின்றது. சற்றுக் கழித்துப் படிக்கட்டில் சின்னச் சின்னச் செருப்புகளின் ஓசை, முதலில் ஒன்றிரண்டாக, பிறகு மழை பிடித்துக்கொண்ட மாதிரி.

நான்கு பேரும் அந்த மேசையின் மேல் குனிந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மகனின் கை எப்போது மனைவியின் கையைப் பற்றியது என்று இருவருக்குமே தெரியவில்லை.

செருப்போசை மெல்ல மெல்ல ஓய்ந்தது. இஞ்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது தொலைபேசியில், வெகு தூரத்திலிருந்து, தலைமையாசிரியை யாரையோ கேட்பது தெளிவாகக் கேட்டது.

"அலமாரிக்குப் பின்னாடி இருந்தவங்க எங்கே? அவங்க இறங்கலையா?"